மணலியில் திட்ட மேலாளருக்கு எதற்காகச் சம்பளம்?

1965 டிசம்பர் 30 அன்று மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலையை அது மணலியில் 43 கோடி ரூபாய்ச் செலவில், 27 மாதங்களில் கட்டி முடித்தது. திட்டமிட்ட செலவும் கூடவில்லை, காலமும் தள்ளிப்போகவில்லை என்பதை அந்நிறுவனம் தன் வரலாற்றில் பெருமையோடு பதிந்து வைத்திருக்கிறது. 2000-இல் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் என்று பெயர் மாறிய அதன் மணலி ஆலைக்கு இன்று 105 லட்சம் டன் திறன் உண்டு. பக்கத்திலேயே மெட்ராஸ் ஃபெர்ட்டிலைசர்ஸ், தமிழ்நாடு பெட்ரோ புராடக்ட்ஸ், மணலி பெட்ரோ கெமிக்கல்ஸ். வடக்கே போனால் வல்லூர், அத்திப்பட்டு மின் நிலையங்கள், காமராஜர் துறைமுகம், இந்தியன் ஆயிலின் எரிவாயு முனையம், காட்டுப்பள்ளி. அறுபது ஆண்டுகளாக எங்காவது ஒரு மூலையில் கட்டுமானம் நடந்துகொண்டே இருக்கும் நிலம் இது.

இந்த வேலைகளை முன்னின்று நடத்துபவர் மூத்த திட்ட மேலாளர். சைட்டில் அவர் எல்லோருக்கும் 'பி.எம். சார்'. அவருக்கு என்ன சம்பளம், அதை எது தீர்மானிக்கிறது என்று கேட்டால் மூன்று பதில்கள் உடனே வரும்: அனுபவம், சான்றிதழ், திட்டத்தின் அளவு. மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மணலியின் நடைமுறையில் வைத்து ஒவ்வொன்றையும் எடைபோட்டால், இந்த மூன்றையும் விடக் கனமான ஒன்று தராசில் ஏறி நிற்பது தெரிகிறது.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். ஒரே சைட்டில் திட்ட மேலாளர் என்ற பொறுப்பில் நான்கு பேர் இருக்கக்கூடும். ஆலையின் உரிமையாளர் தரப்பில் ஒருவர்; மேற்பார்வைக்கு அமர்த்தப்பட்ட ஆலோசனை நிறுவனத்தின் தரப்பில் ஒருவர்; வடிவமைப்பு, கொள்முதல், கட்டுமானம் மூன்றையும் மொத்தமாக எடுத்த முதன்மை ஒப்பந்த நிறுவனத்தில் ஒருவர்; அதனிடமிருந்து குழாய் வேலையையோ சிவில் வேலையையோ துண்டாக எடுத்த சப்-கான்ட்ராக்டரிடம் ஒருவர். காலையில் நால்வரும் ஒரே கூட்டத்தில் உட்காருவார்கள். ஒரே அட்டவணையைப் பார்ப்பார்கள். ஒரே மழையில் நனைவார்கள். நால்வரின் சம்பளமும் நான்கு வெவ்வேறு தர்க்கங்களால் ஆனது.

உரிமையாளர் தரப்பின் கணக்கு மட்டுமே பொதுவெளியில் தெளிவாகக் கிடைக்கிறது. மத்தியப் பொதுத்துறை நிறுவன அதிகாரிகளின் ஊதியத்தை 2017 ஆகஸ்ட் 3 அன்று வெளியான அரசாணை வரையறுத்தது. 2017 ஜனவரி 1 முதல் அது கணக்கில் கொள்ளப்பட்டது. எண்ணெய்த் துறையில் கேட் தேர்வு எழுதி வரும் இளம் பொறியாளர் 50,000 - 1,60,000 என்ற அளவீட்டில் நுழைகிறார். திட்டத்தைத் தலைமையேற்று நடத்தும் நிலையில் இருப்பவர் பெரும்பாலும் 90,000 - 2,40,000 அல்லது 1,00,000 - 2,60,000 அளவீட்டில் இருப்பார். ஆண்டு உயர்வு 3 விழுக்காடு.

கணக்குக்காக ஒருவரின் அடிப்படைச் சம்பளத்தை 1,30,000 என்று வைத்துக்கொள்வோம். பஞ்சப்படி இப்போது அடிப்படையில் ஏறத்தாழ பாதி, அது 65,000. வீட்டு வாடகைப்படி 27 விழுக்காடு என்றால் 35,100. இதர படிகளுக்கான உச்சவரம்பு 35 விழுக்காடு, அது 45,500. ஆக மாதம் 2,75,600 ரூபாய், ஆண்டுக்கு 33 லட்சம். இதற்கு மேல் வருங்கால வைப்புநிதி, பணிக்கொடை, ஓய்வூதியம், ஓய்வுக்குப் பிந்தைய மருத்துவம் ஆகியவற்றுக்காக அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் 30 விழுக்காடு வரை நிறுவனம் ஒதுக்கலாம். அது ஆண்டுக்கு இன்னொரு 7 லட்சம். செயல்திறன் ஊக்கத்தொகையைச் சேர்க்காமலே 40 லட்சத்தைத் தொட்டுவிடுகிறது.

இதே 40 லட்சம் தனியார் ஒப்பந்த நிறுவனத்தில் சி.டி.சி. (நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு) என்ற பெயரில் வரும்போது என்ன ஆகிறது? அதில் 15 விழுக்காடு மாறும் ஊதியம் என்று கொள்வோம். 6 லட்சம் கழிந்தது, அது வந்தால் உண்டு. அடிப்படை பாதி, அதாவது 20 லட்சம் என்றால், நிறுவனம் கட்டும் வைப்புநிதி 2.4 லட்சமும் பணிக்கொடை ஒதுக்கீடு ஏறத்தாழ 96,000-மும் அதற்குள்ளேயே அடக்கம். மிச்சம் மாதம் 2,55,000. மாதக்கணக்கில் வித்தியாசம் சுமார் 20,000 என்று தோன்றும். ஆனால் பொதுத்துறைக்காரரின் ஊக்கத்தொகை 40 லட்சத்துக்கு வெளியே இருக்கிறது, தனியார்காரருடையது உள்ளே இருக்கிறது. ஒருவருக்கு அறுபது வயது வரை வேலை உறுதி. மற்றவருக்கு இந்தத் திட்டம் முடியும்வரை, அடுத்த ஆர்டர் கிடைக்கும்வரை. ஆகவே சம்பளத்தை ஒப்பிடுபவர்கள் தொகையை மட்டும் வைத்து ஒப்பிட்டால் பாதிக் கணக்கைத்தான் பார்க்கிறார்கள். உறுதிக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலை எந்த விளம்பரத்திலும் அச்சாவதில்லை.

சப்-கான்ட்ராக்டரின் மேலாளர் நிலை இன்னும் வேறு. அவருடைய முதலாளிக்கு முதன்மை நிறுவனம் பில் பாஸ் செய்தால்தான் பணம். பில்லில் ஒரு பங்கை ரிடென்ஷன் என்று நிறுத்தி வைப்பார்கள். அளவீட்டில் தகராறு வந்தால் இன்னும் தள்ளிப்போகும். மேலே நிற்கும் பணம் கீழே சம்பளத் தாமதமாக இறங்குகிறது. இருபது ஆண்டு அனுபவமுள்ள ஒருவர், ஆயிரம் வெல்டிங் இணைப்புகளின் தரத்துக்குக் கையெழுத்திடும் ஒருவர், பத்தாம் தேதி கடந்தும் சம்பளத்துக்குக் காத்திருப்பது இந்த அடுக்கில் விதிவிலக்கில்லை.

அனுபவம் என்ற முதல் பதிலை இங்கே சோதித்துப் பார்க்கலாம். அனுபவம் சம்பளத்தை உயர்த்துகிறது என்பது உண்மை. ஆனால் அது அடுக்குக்கு உள்ளேதான் உயர்த்துகிறது, அடுக்கை மாற்றுவதில்லை. சப்-கான்ட்ராக்டரிடம் இருபது ஆண்டு கழித்தவர் உரிமையாளர் நிறுவனத்தின் மூத்த நிலைக்கு நேரடியாகப் போவது அரிது. அங்கே பெரும்பாலான இடங்கள் இருபத்து மூன்று வயதில் தேர்வெழுதி நுழைந்தவர்களின் பதவி உயர்வால் நிரம்புகின்றன. மறுபுறம், உரிமையாளர் நிறுவனத்தில் காலம் கழித்தாலே ஆண்டு உயர்வு வந்துவிடும். வேலையைச் சிறப்பாக முடித்தவருக்கும் நகர்த்தியவருக்கும் அடிப்படைச் சம்பளத்தில் வேறுபாடு மிகச் சிறிது. ஒரு பக்கம் அனுபவத்துக்கு மதிப்புக் குறைவு, மறுபக்கம் காலத்துக்கு மதிப்பு அதிகம்.

இரண்டாவது பதில் சான்றிதழ். திட்ட மேலாண்மை நிறுவனம் என்ற அமெரிக்க அமைப்பு வழங்கும் பி.எம்.பி. சான்றிதழ் இங்கும் பரவலாக மதிக்கப்படுகிறது. சான்றிதழ் உள்ளவர்கள் இல்லாதவர்களைவிட 16 விழுக்காடு கூடுதலாகச் சம்பாதிக்கிறார்கள் என்று அந்த அமைப்பின் 2021 ஆய்வு 40 நாடுகளை வைத்துச் சொன்னது. 2023 ஆய்வு 21 நாடுகளை வைத்து 33 விழுக்காடு என்றது. இரண்டே ஆண்டில் ஒரு தேர்வின் மதிப்பு இரட்டிப்பாகிவிடாது. எந்த நாடுகளைக் கேட்டார்கள் என்பது மாறியிருக்கிறது. அதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. பட்டதாரி ஒருவர் அந்தத் தேர்வை எழுதவே 36 மாதங்கள் திட்டங்களை நடத்திய அனுபவம் காட்ட வேண்டும். ஏற்கெனவே தேறியவர்களை வடிகட்டி எடுத்துவிட்டு, அவர்கள் அதிகம் சம்பாதிப்பதற்குச் சான்றிதழ்தான் காரணம் என்று சொல்வது காரணத்தையும் விளைவையும் குழப்புவது. சான்றிதழை விற்கும் அமைப்பே அந்த ஆய்வையும் நடத்துகிறது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். சான்றிதழால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. அயல்நாட்டு நிறுவனங்களின் நேர்காணல் பட்டியலில் பெயர் இடம்பெற அது உதவுகிறது. உள்ளே போனபின் பேரம் பேசும் வலிமையை அது தருகிறது என்பதற்கு மணலியில் சான்று பலவீனம்.

மூன்றாவது, திட்டத்தின் அளவு. இது சற்று வலுவான வாதம். மணலி ஆலையில் பெட்ரோலின் கந்தகத்தைக் குறைக்கும் அலகு சுமார் 500 கோடி ரூபாயில் கட்டப்பட்டு 2021 பிப்ரவரி 17 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அந்த அளவுள்ள ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். ஒப்பந்தங்களில் தாமத இழப்பீடு பொதுவாக வாரத்துக்கு அரை விழுக்காடு என்று எழுதப்படும். 5 அல்லது 10 விழுக்காட்டில் வரம்பு. 500 கோடிக்கு அரை விழுக்காடு என்றால் ஒரு வாரத்துக்கு 2.5 கோடி. 40 லட்சம் வாங்கும் மேலாளரின் ஆறு ஆண்டுச் சம்பளத்தைவிட அது அதிகம். ஒரு வாரத்தை மிச்சப்படுத்தும் திறமைசாலிக்கு எவ்வளவு கொடுத்தாலும் நிறுவனத்துக்கு லாபம் என்ற தர்க்கம் இதிலிருந்து பிறக்கிறது. பெரிய திட்டம் நடத்தியவர்களைத் தேடிப் பிடித்து அதிகம் கொடுப்பதற்கு இதுவே அடிப்படை.

ஆனால் அந்த ஒரு வாரம் உண்மையிலேயே அவர் கையில் இருக்கிறதா? இந்த வட்டாரத்தின் வரலாறு அவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்ள விடாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் வெளியிட்ட மாசுக் குறியீட்டில் மணலி 76.32 புள்ளிகளோடு கடுமையாக மாசடைந்த பகுதிகளில் ஒன்றாக வந்தது. அதையடுத்து 2010 ஜனவரியில், அப்பட்டியலில் இருந்த 43 பகுதிகளிலும் புதிய திட்டங்களுக்கும் விரிவாக்கங்களுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வழங்குவது நிறுத்தி வைக்கப்பட்டது. மக்களின் மூச்சுக்காக எடுக்கப்பட்ட அந்த முடிவு சரியானது. அதனால் நின்ற வேலைக்கு எந்தத் திட்ட மேலாளரும் பொறுப்பில்லை. எண்ணூர் அனல்மின் விரிவாக்கத் திட்டத்தை 2014-இல் எடுத்த லான்கோ இன்ஃப்ராடெக் கடனில் மூழ்கி 2018-இல் கலைப்புக்குப் போனது. 660 மெகாவாட் வேலை பாதியில் நின்றது. அந்த சைட்டில் இருந்தவர்கள் எவ்வளவு திறமையானவர்களாக இருந்திருந்தாலும் அவர்களின் பணிக்குறிப்பில் முடியாத திட்டம் ஒன்று ஒட்டிக்கொண்டது. அடுத்த நேர்காணலில் கேட்கப்படும் முதல் கேள்வி, கடைசித் திட்டம் முடிந்ததா என்பதுதான்.

இனி ஊக்கத்தொகைக்கு வருவோம். திறமைக்கும் சம்பளத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்க வேண்டிய இடம் அது. பொதுத்துறையில் அதன் வரிசை இப்படி: முதலில் நிறுவனத்தின் லாபம், பிறகு அரசோடு செய்துகொண்ட புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் நிறுவனம் பெற்ற மதிப்பீடு, அதன் பிறகே அணியும் தனிமனிதரும். லாபம் எப்படி நகர்கிறது என்று பாருங்கள். சென்னை பெட்ரோலியம் 2019-20-இல் 2,000 கோடி ரூபாய்க்கு மேல் நட்டம் கண்டது; 2022-23-இல் 3,500 கோடிக்கு மேல் லாபம் ஈட்டியது; 2024-25-இல் அது ஏறத்தாழ 200 கோடியாகச் சுருங்கியது. இந்த ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் கச்சா எண்ணெய் விலைக்கும் பெட்ரோல், டீசல் விலைக்கும் இடையே உள்ள இடைவெளி. அதைத் தீர்மானிப்பது போரும் நோய்த்தொற்றும் உலகச் சந்தையும். மணலியில் ஒரு அலகை இரண்டு மாதம் முன்னதாக முடித்த மேலாளருக்கு நட்ட ஆண்டில் ஒன்றுமில்லை. தாமதமாக முடித்தவருக்கு லாப ஆண்டில் நிறைவான தொகை. திறமைக்கான பரிசு என்று பெயர் வைத்துவிட்டு உலக எண்ணெய் விலைக்கான பங்கைக் கொடுக்கிறோம்.

மதில் பக்கத்தில் இருக்கும் உர ஆலையின் நிலை இதைவிடத் தெளிவான சான்று. மெட்ராஸ் ஃபெர்ட்டிலைசர்ஸ் பல ஆண்டுகள் நட்டத்தில் தவித்தது. நாஃப்தாவை வைத்து யூரியா தயாரித்து வந்த அந்த ஆலை, எண்ணூரில் 2019 மார்ச்சில் இந்தியன் ஆயில் முனையம் திறக்கப்பட்டபின், அதே ஆண்டில் இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. ஓடும் ஆலையின் மூலப்பொருளையே மாற்றுவது சாதாரண வேலையில்லை. வெறும் நிலத்தில் புது அலகு கட்டுவதைவிடச் சிக்கலானது. ஆனால் 2017 ஆணையின்படி, ஊதிய உயர்வால் கூடும் செலவு நிறுவனத்தின் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 20 விழுக்காட்டுக்குள் அடங்கினால்தான் 15 விழுக்காடு முழு உயர்வு. 40 விழுக்காட்டைத் தாண்டினால் உயர்வே கிடையாது. ஒரே ஊரில், ஒரே படிப்புப் படித்த, ஒரே வகை ஆபத்துக்கு நடுவே வேலை செய்யும் இருவரில் ஒருவரின் சம்பளத்தை அவருடைய நிறுவனத்தின் பழைய நட்டம் பிடித்து நிறுத்த முடியும் என்றால், அந்தச் சம்பளம் அவருடைய வேலையை அளக்கவில்லை.

ஊரை விட்டுப் போனால் என்ன? வடசென்னையின் திட்டப் பொறியாளர்கள் வளைகுடாவுக்குப் போவது பழைய கதை. இங்கே புதிய வரி முறையில் 24 லட்சத்துக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 30 விழுக்காடு வரி. ஐக்கிய அரபு அமீரகத்தில் சம்பளத்துக்கு வருமான வரியே இல்லை. அங்கே அயல்நாட்டவருக்கு ஓய்வூதியமும் இல்லை. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள், அதன்பின் 30 நாள் அடிப்படைச் சம்பளம் என்ற கணக்கில் ஒரு தொகையைக் கொடுத்து அனுப்புவார்கள். கூடுதலாகக் கிடைக்கும் பணத்தில் பெரும்பகுதி வரியில்லாமையும், குடும்பத்தைப் பிரிந்திருப்பதற்கான ஈடும்தான். நகரத்தின் தெற்கே பழைய மாமல்லபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்கள் இன்னொரு ஈர்ப்பு. அங்கே திட்ட மேலாளரின் கட்டணத்தை டாலரில் செலுத்துபவர் அயல்நாட்டு வாடிக்கையாளர். ஆகவே சம்பளத்தின் உச்சவரம்பும் அந்தச் சந்தையைச் சார்ந்தது. இரண்டு எடுத்துக்காட்டுகளும் ஒரே திசையைக் காட்டுகின்றன: கடைசியில் பணம் யாருடைய கணக்கிலிருந்து வருகிறது என்பதே சம்பளத்தின் அளவை முதலில் தீர்மானிக்கிறது.

இந்த எடைபோடலில் விட்டுவிடக் கூடாத தட்டு ஒன்று இருக்கிறது. 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் திட்டத்தின் கட்டுமானத்தில் உயரத்தில் அமைத்துக்கொண்டிருந்த இரும்புச் சாரம் சரிந்து ஒன்பது தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் அசாமிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அந்த விபத்தின் பொறுப்பை இங்கிருந்து யார் மீதும் சுமத்த முடியாது. ஆனால் இந்த வேலையின் உண்மையான சுமை எது என்பதை அது சொல்கிறது. 2024 அக்டோபரில் மத்திய அரசின் வரம்புக்குள் வரும் கட்டுமான வேலைகளில், பெருநகரத்தில் திறன்சாராத் தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 783 ரூபாய், மாதம் 20,358 என்று இருந்தது. நாம் கணக்கிட்ட மேலாளரின் மாதச் சம்பளம் அதைப்போல் பதின்மூன்றரை மடங்கு. இந்த இடைவெளியை எதைக் கொண்டு நியாயப்படுத்தலாம்? ஒன்றே ஒன்றைக் கொண்டுதான்: அந்தத் தொழிலாளி மாலையில் உயிரோடு இறங்கி வர வேண்டும் என்ற பொறுப்பு அவருடையது, வேலையை நிறுத்து என்று சொல்லும் அதிகாரமும் அவருடையது. ஆனால் இழப்பீட்டுக் கணக்கு வாரத்துக்கு அரை விழுக்காடு என்று துல்லியமாக எழுதப்படுகிறது; பாதுகாப்புக்காக ஒரு நாள் வேலையை நிறுத்தியவருக்கு என்ன கிடைக்கும் என்பது எங்கும் எழுதப்படுவதில்லை. தாமதத்துக்கு விலை வைத்து உயிருக்கு விலை வைக்காத ஒப்பந்தம், மேலாளரை எந்தப் பக்கம் தள்ளும் என்று சொல்லத் தேவையில்லை.

இதற்கு எதிர்வாதம் உண்டு. சம்பளத்தைப் பாதுகாப்போடு கட்டினால் விபத்துகளை மறைப்பார்கள் என்பார்கள். சரியான எச்சரிக்கை. விபத்து எண்ணிக்கைக்குப் பரிசு வைத்தால் சிறு காயங்கள் பதிவேட்டில் ஏறாமல் போகும். ஆகவே அளக்க வேண்டியது வேறு: பதிவு செய்யப்பட்ட ஆபத்துச் சூழல்கள், சாரத்தின் சோதனைச் சான்றுகள், நிறுத்திய வேலைகள், அவற்றைச் சரிசெய்ய எடுத்துக்கொண்ட நேரம். இன்னொரு வாதம்: சந்தை தீர்மானிக்கும் விலையில் நியாயம் தேடுவது வீண் என்பது. ஆனால் மணலியில் இருப்பது வெறும் சந்தையில்லை. உரிமையாளர்களில் பலர் அரசு நிறுவனங்கள்; ஒப்பந்த வாசகத்தை எழுதுபவர்களும் அவர்களே. விதியை எழுதும் கையில் இருக்கும் ஒன்றை இயற்கையின் போக்கு என்று சொல்ல முடியாது.

ஆகவே என் தீர்ப்பு இது. மணலியில் மூத்த திட்ட மேலாளரின் சம்பளத்தைத் தீர்மானிப்பதில் முதலிடம், ஒப்பந்த அடுக்கில் அவர் எங்கே நிற்கிறார் என்பதற்கும் அவருடைய நிறுவனத்தின் லாப நட்டத்துக்கும். இரண்டாமிடம் திட்டத்தின் அளவுக்கு. அனுபவம் மூன்றாவது, அதுவும் அடுக்குக்குள் மட்டும். சான்றிதழ் கடைசி. வேலையின் தரமும் மனித உயிரின் காப்பும் இந்த வரிசையில் இடமே பெறவில்லை. தொகை அதிகமா குறைவா என்பதைவிட இதுவே பெரிய குறை. 40 லட்சம் என்பது இந்தப் பொறுப்புக்கு அதிகமில்லை. அந்தத் தொகை எதற்காகத் தரப்படுகிறது என்பது தவறாக இருக்கிறது.

பொதுத்துறையின் அடுத்த ஊதியத் திருத்தம் 2027-ஐ ஒட்டி வர வேண்டியது. அதையொட்டிச் சில மாற்றங்களைக் கோரலாம். திட்டப் பணியில் இருப்பவரின் ஊக்கத்தொகையை நிறுவனத்தின் ஆண்டு லாபத்திலிருந்து பிரித்து, அவர் ஒப்படைத்த திட்டத்தின் செலவு, காலம், முதல் ஆண்டு ஓட்டம் ஆகியவற்றோடு கட்ட வேண்டும். அனுமதித் தடை, ஒப்பந்த நிறுவனத்தின் திவால் போன்றவற்றால் போன மாதங்களை அந்தக் கணக்கிலிருந்து நீக்க வேண்டும். பாதுகாப்பை மதிப்பெண்களில் ஒன்றாக வைக்காமல் நுழைவுத் தகுதியாக வைக்க வேண்டும். அதில் தவறினால் மற்றவை கணக்கில் ஏறக்கூடாது. முதன்மை நிறுவனத்துக்கு இறுதி பில் பாஸ் செய்வதற்கு முன், கீழ் அடுக்குவரை சம்பளம் போய்ச் சேர்ந்ததற்கான சான்றை உரிமையாளர் கேட்க வேண்டும்; அதில் தொழிலாளியோடு சேர்த்து சப்-கான்ட்ராக்டரின் மேலாளரும் அடங்க வேண்டும்.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் வடசென்னைப் பிள்ளைகளுக்கும் இந்தத் தீர்ப்பில் ஒரு பயன் இருக்கிறது. வேலைக்கான கடிதம் கையில் வந்ததும் தொகையைப் பார்ப்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: ஒப்பந்தத்தின் எந்தப் பக்கத்தில் நிற்கப் போகிறேன், என் சம்பளம் யாருடைய பில் பாஸானால் வரும், ஆபத்து என்று கண்டால் வேலையை நிறுத்தும் அதிகாரம் எழுத்தில் இருக்கிறதா. மூன்றுக்கும் நல்ல பதில் தரும் நிறுவனம் சற்றுக் குறைவாகக் கொடுத்தாலும் அதையே தேர்ந்தெடுங்கள்.